ஃபார்மட் செய்வதற்கு முன் ஒரு பொத்தானைப் பாருங்கள்

கேள்வி: நான் வீட்டிலிருந்தபடியே ஏழெட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறேன். என்னிடம் இருப்பது விண்டோஸ் 11 மடிக்கணினி. சென்ற மாதம் ஒரு பிடிஎஃப் கோப்பை வேர்டு கோப்பாக மாற்றுவதற்காக இணையத்தில் கிடைத்த இலவச மென்பொருள் ஒன்றை நிறுவினேன். அன்றிலிருந்து திரையின் வலது கீழ் மூலையில், 'உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது' என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறிவிப்பு வந்தது. குரோமை மூடிய பிறகும் வந்தது. குரோமின் முகப்புப் பக்கமும் மாறிவிட்டது. அக்கா மகன் வந்து அந்த மென்பொருளை நீக்கிக் கொடுத்தான். மறுநாளிலிருந்து வைஃபை முழுதாகக் காட்டுகிறது, ஆனால் எந்தத் தளமும் திறப்பதில்லை. பிராக்ஸி சர்வரில் ஏதோ கோளாறு என்று வருகிறது. அதே வைஃபையில் கைபேசி நன்றாக வேலை செய்கிறது. இணையம் நின்றதோடு அறிவிப்புகளும் நின்றுவிட்டன; இணையத்தைச் சரி செய்தால் அவையும் திரும்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கடையில் ஃபார்மட் செய்ய வேண்டும் என்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி நெட்வொர்க் ரீசெட் போதும் என்கிறார். டாலி கணக்குகளும், பல ஆண்டுகளாகப் பாமினியில் அடித்து வைத்திருக்கும் கடிதங்களும் போய்விடுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு, வணக்கம்.

மடிக்கணினியை ஃபார்மட் செய்யக் கொடுப்பதைத் தள்ளிப் போடுங்கள். நீங்கள் எழுதியவற்றுள் மூன்று செய்திகள் எனக்குப் போதுமானவையாக இருந்தன. அதே வைஃபையில் கைபேசி வேலை செய்கிறது என்பதால் இணைப்புத் தரும் நிறுவனத்திலோ ரவுட்டரிலோ குறை இருப்பதாகத் தெரியவில்லை. மடிக்கணினி வைஃபையோடு ஒழுங்காகச் சேர்கிறது என்பதால் அதன் வைஃபை அட்டையும் டிரைவரும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. திரையில் வரும் வாசகமோ, இணையம் இல்லை என்று பொதுப்படச் சொல்லி நிறுத்திக்கொள்ளாமல், பிராக்ஸி என்று பெயர் சொல்லியே காட்டிக் கொடுக்கிறது. அறிவிப்புத் தொல்லையையும் இணையத் தடையையும் தனித்தனிக் கோளாறுகளாக நீங்கள் எண்ணுகிறீர்கள். என் கணிப்பில் இரண்டுக்கும் மூலம் அந்த இலவச மென்பொருள்தான். உங்கள் அக்கா மகன் மென்பொருளை நீக்கியபோது, அது கணினியில் மாற்றி வைத்த அமைப்புகள் மட்டும் மாறியபடியே தங்கிவிட்டன.

பிராக்ஸி என்பது இடையில் நிற்கும் ஆள். ஓர் அலுவலகத்தில் வெளியே போகும் தபாலும் உள்ளே வரும் தபாலும் குறிப்பிட்ட ஓர் எழுத்தரின் மேசை வழியாகத்தான் போக வேண்டும் என்று சுற்றறிக்கை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நிறுவனங்களிலும் கல்லூரிகளிலும் நியாயமான காரணங்களுக்காகவே இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்திருப்பார்கள். விளம்பர மென்பொருள்கள் பல, கணினிக்குள் நுழைந்த கையோடு இந்தச் சுற்றறிக்கையைத் தாமே போட்டுக்கொண்டு, தம்மையே அந்த எழுத்தராகவும் நியமித்துக்கொள்கின்றன. நீங்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கமும் அவற்றின் கை வழியாக வரும்போது, அதில் விளம்பரத்தைச் செருகுவதும் தேடல் முடிவுகளைத் திருப்பிவிடுவதும் அவற்றுக்கு எளிதாகிறது. பிராக்ஸியின் முகவரியாக அப்போது பெரும்பாலும் 127.0.0.1 என்ற எண்ணைக் காண்பீர்கள். எந்தக் கணினியில் எழுதப்பட்டிருக்கிறதோ அந்தக் கணினியையே குறிக்கும் எண் அது. அக்கா மகன் எழுத்தரை வேலையிலிருந்து நீக்கிவிட்டான். சுற்றறிக்கையை ரத்து செய்யவில்லை. ஆகவே தபால் முழுவதும் ஆளில்லாத மேசைக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகிறது. அவனைக் குறை சொல்வதற்கில்லை. மென்பொருள் போனால் அது செய்தவையும் போய்விடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

உலக அளவிலேயே இது ஒருமுறை நடந்திருக்கிறது. தளங்களின் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்ற அமைப்பைத் தன் கும்பலின் சர்வர்களை நோக்கித் திருப்பிவிட்ட டிஎன்எஸ் சேஞ்சர் என்ற தீநிரல், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 லட்சம் கணினிகளைத் தொற்றியது. 2011 நவம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ அந்தச் சர்வர்களைக் கைப்பற்றி, எஸ்தோனியா நாட்டினர் 6 பேர் கைதானதை அறிவித்தபோது, அவற்றை உடனே நிறுத்திவிட முடியவில்லை. நிறுத்தினால் தொற்றுக்கு உள்ளான கணினிகள் அனைத்தும் அதே நொடியில் இணையத்தை இழந்திருக்கும். நீதிமன்ற அனுமதியுடன் அவற்றின் இடத்தில் நல்ல சர்வர்களை வைத்து, மக்கள் தங்கள் கணினிகளைத் திருத்திக்கொள்ள 2012 ஜூலை 9 வரை அவகாசம் கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் அப்படி அவகாசம் கொடுக்க யாரும் இல்லாததால் மறுநாளே இணையம் நின்றுவிட்டது.

இனி, என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன். அதற்கு முன்னர் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். கடைக்காரர் சொல்லும் ஃபார்மட் ஒன்று, பக்கத்து வீட்டுத் தம்பி சொல்லும் ரீசெட் வேறொன்று; 'ரீசெட்' என்ற சொல்லே மூன்று வேறு வேலைகளைக் குறிக்கும். உலாவியை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுவருவது ஒன்று. நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் கொண்டுவருவது இன்னொன்று. விண்டோஸ் முழுவதையும் புதிதாக்குவது மூன்றாவது. ஒவ்வொன்றிலும் நீங்கள் இழப்பவை வேறு வேறு. இழப்பு குறைவானதிலிருந்து தொடங்கி, சரியாகவில்லை என்றால் மட்டுமே அடுத்ததற்குப் போவது என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் விஷயத்தில் மூன்றாவது தேவைப்படாது, இரண்டாவதும் பெரும்பாலும் தேவைப்படாது என்பது என் எண்ணம்.

இணையத்தைச் சரி செய்தால் அறிவிப்புகளும் திரும்பிவிடுமோ என்று அஞ்சுகிறீர்கள். அந்த அச்சம் நியாயமானது, திரும்பிவிடும். ஆகவே இணையம் நின்றிருக்கும் இந்த நேரத்திலேயே அவற்றை முடித்துவிடுங்கள். குரோமின் செட்டிங்ஸ் பக்கங்கள் திறப்பதற்கு இணையம் தேவையில்லை.

அந்த அறிவிப்புகள் வைரஸைக் கண்டுபிடித்த எந்த மென்பொருளும் அனுப்பியவை அல்ல. செய்தித் தளங்களும் மின்னஞ்சல் தளங்களும் திரையின் ஓரத்தில் அறிவிப்புக் காட்டுவதற்காக 2015-ஆம் ஆண்டிலிருந்து குரோமில் இருக்கும் வசதியைத்தான் அவை பயன்படுத்துகின்றன. மென்பொருளைத் தரவிறக்கும்போது ஏதோ ஒரு பக்கம், 'நீங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதி செய்ய அலவ் பொத்தானை அழுத்துங்கள்' என்று கேட்டிருக்கும், அவசரத்தில் அழுத்தியிருப்பீர்கள். நீங்கள் உறுதி செய்ததாக நினைத்தது ஒன்று. கொடுத்த அனுமதி இன்னொன்று. அறிவிப்பில் வைரஸ் தடுப்பு நிறுவனத்தின் சின்னம் பெரிதாக இருந்தாலும், அதன் ஓரத்தில் குரோம் என்ற பெயரும் புரியாத ஒரு தளத்தின் முகவரியும் சிறிய எழுத்தில் இருக்கும். அடுத்த முறை எங்காவது கண்டால் அந்தச் சிறிய எழுத்தை முதலில் படியுங்கள். இந்த அனுமதி குரோமிடம் பதிவாகி இருப்பதால், நிறுவிய மென்பொருளை நீக்கியதால் அதற்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

குரோமின் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாக உள்ளே செல்லுங்கள். அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் அங்கே இருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, தெரியாதவை அனைத்துக்கும் 'பிளாக்' கொடுங்கள். உங்கள் தொழிலுக்கு எந்தத் தளத்தின் அறிவிப்பும் அவசியமில்லை என்றால், அதே பக்கத்தின் மேலே, எந்தத் தளமும் அறிவிப்புக்கு அனுமதி கேட்கவே கூடாது என்பதைத் தேர்ந்தெடுத்துவிடலாம். நான் என் கணினியில் அப்படித்தான் வைத்திருக்கிறேன், இதுவரை எதையும் இழந்ததாகத் தோன்றவில்லை. குரோமை மூடிய பிறகும் அறிவிப்பு வந்ததற்குக் காரணம், அதே செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதியில், குரோம் மூடப்பட்ட பிறகும் பின்னணியில் இயங்கலாம் என்ற பொத்தான் இயக்கத்தில் இருப்பதுதான். அதையும் அணைத்துவிடுங்கள். எட்ஜ் உலாவியிலும் இதே பட்டியலும் இதே பொத்தானும் உண்டு என்பதால் அங்கேயும் ஒருமுறை பாருங்கள்.

முகப்புப் பக்கமும் மாறியிருப்பதாகச் சொல்வதால், உங்கள் குரோமுக்கு ரீசெட் கொடுப்பது பொருத்தமானது. செட்டிங்ஸின் இடது பக்கப் பட்டியலில் கீழே ரீசெட் செட்டிங்ஸ் என்று இருக்கும். அதற்குள், அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரும் ஒரே ஒரு வரிதான் உண்டு. அதை அழுத்தினால் முகப்புப் பக்கமும் தேடுபொறியும் பழைய நிலைக்கு வரும். உலாவியில் கூடுதலாகச் சேர்த்த சிறு கருவிகளான எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் செயலிழக்கும். தளங்களுக்குக் கொடுத்த அனுமதிகளும் குக்கீகளும் அழியும். புக்மார்க்குகள், சேமித்த கடவுச்சொற்கள், பார்த்த பக்கங்களின் வரலாறு ஆகியவை அழியாது. குக்கீகள் போவதால் எல்லாத் தளங்களிலும் மறுபடி உள்நுழைய வேண்டியிருக்கும் என்பதையும், சில வங்கி, அரசுத் தளங்களுக்கு நீங்களாகவே கொடுத்து வைத்திருந்த பாப்-அப் அனுமதியை மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். தாக்கல் கடைசித் தேதியன்று காலையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஃபயர்பாக்ஸ் பயன்படுத்தும் வாசகர்களுக்கு இதே வசதி 'ரெஃப்ரெஷ் ஃபயர்பாக்ஸ்' என்ற பெயரில் இருக்கிறது. அது பழைய தரவுகளை ஒரு கோப்புறையாக டெஸ்க்டாப்பிலேயே வைத்துவிட்டுப் போகும்.

ரீசெட் செய்த பின்னும் முகப்புப் பக்கம் மறுபடி மாறினால், மூன்று புள்ளிப் பட்டியலின் அடியில், உங்கள் உலாவியை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்ற பொருளில் ஒரு வரி வருகிறதா என்று பாருங்கள். சொந்தக் கணினியில் அந்த வரிக்கு வேலையில்லை. சில முறையான வைரஸ் தடுப்பு மென்பொருள்களாலும் அது வரலாம் என்றாலும், விளம்பர மென்பொருள் கொள்கை விதி ஒன்றை எழுதித் தன் எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக்கியிருக்கும்போதும் வரும். அத்தகைய எக்ஸ்டென்ஷனை ரீசெட் தொடாது; விதியை நீக்க வேண்டும், அதைத் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

இப்போது பிராக்ஸிக்கு வருவோம். விண்டோஸின் செட்டிங்ஸைத் திறந்து, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் என்ற பகுதியில் பிராக்ஸி என்பதைச் சொடுக்குங்கள். அந்தப் பக்கத்தில் மூன்று வரிகள் உங்களுக்கு முக்கியம். அமைப்புகளைத் தானாகக் கண்டறி என்ற முதல் பொத்தான் இயக்கத்தில் இருக்கலாம், அதனால் கெடுதல் இல்லை. செட்டப் ஸ்கிரிப்ட் பயன்படுத்து என்பது அணைந்திருக்க வேண்டும். அதற்கும் கீழே, பிராக்ஸி சர்வர் பயன்படுத்து என்பதும் அணைந்திருக்க வேண்டும். உங்கள் கணினியில் இது இயக்கத்தில் இருக்கும் என்றும், உள்ளே போய்ப் பார்த்தால் 127.0.0.1 என்ற முகவரியும் ஒரு போர்ட் எண்ணும் இருக்கும் என்றும் நான் எதிர்பார்க்கிறேன். அந்த எண்களைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு பொத்தானை அணைத்துச் சேமியுங்கள். குரோமை மூடித் திறங்கள். தளங்கள் திறக்கத் தொடங்கும். மொத்தத்தில் இரண்டு நிமிட வேலைதான்.

அதன் பிறகு கணினியை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, அதே பக்கத்தை மறுபடி பாருங்கள். இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள், ஏனென்றால் அணைத்த பொத்தான் அணைந்தபடியே இருந்தால் எழுத்தர் உண்மையிலேயே போய்விட்டார் என்று பொருள். தானாகவே மீண்டும் இயங்கியிருந்தால், வேறு பெயரில் அவர் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள்.

பொத்தான் எந்த நிலையில் இருந்தாலும், இணையம் வந்ததும் ஒரு முழுச் சோதனை செய்வது அவசியம். இதற்காக இன்னொரு இலவச மென்பொருளைத் தேடிப் போகாதீர்கள். இந்தச் சிக்கல் தொடங்கியதே அப்படித்தான். விண்டோஸுடன் வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரே இதற்குப் போதும். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, முதலில் அதன் பாதுகாப்புத் தகவல்களைப் புதுப்பித்துவிட்டு, ஸ்கேன் ஆப்ஷன்ஸ் என்பதில் ஆஃப்லைன் ஸ்கேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழுந்திருக்கும் முன்பே, ஏறக்குறைய 15 நிமிடம் சோதிக்கும். ஒளிந்துகொள்ளும் நிரல்கள் அந்த நேரத்தில் இயங்காமல் இருப்பதால் அகப்படும். அது முடிந்ததும், ஆப் அண்ட் பிரௌசர் கன்ட்ரோல் பகுதியில், நன்மதிப்பை அடிப்படையாகக் கொண்ட பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ், விரும்பத்தகாத செயலிகளைத் தடுக்கும் பொத்தானை இயக்குங்கள். வைரஸ் என்று சொல்ல முடியாத, ஆனால் இலவச மென்பொருளின் முதுகில் ஏறி வருகிற இந்த விளம்பரச் சரக்குகளை நிறுத்துவதற்காகவே அது இருக்கிறது. கடைசியாக, செட்டிங்ஸில் நிறுவப்பட்ட செயலிகளின் பட்டியலைத் தேதி வாரியாக வரிசைப்படுத்தி, பிடிஎஃப் மென்பொருளை நிறுவிய அதே நாளில் வேறு என்னென்ன நுழைந்தன என்று பாருங்கள். ஒன்றை நிறுவும்போது கூடவே இரண்டு, மூன்று வருவது வழக்கம்; அக்கா மகன் ஒன்றை மட்டும் நீக்கியிருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் தளங்கள் திறக்கவில்லை என்றால், நெட்வொர்க் ரீசெட்டுக்குப் போகும் முன் இரண்டு சிறிய விஷயங்களைப் பார்த்துவிடலாம். வலது கீழ் மூலையில் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தேதி பின்னால் போயிருந்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தெரிந்து, வங்கித் தளங்கள் முதலில் மறுக்கும். அடுத்து, வைஃபை பகுதியில் ஹார்ட்வேர் பிராப்பர்ட்டீஸ் என்பதற்குள் டிஎன்எஸ் ஒதுக்கீடு தானியங்கியாக இருக்கிறதா என்று பாருங்கள். கையால் எழுதப்பட்ட அந்நிய எண்கள் இருந்தால் தானியங்கிக்கு மாற்றுங்கள். 8.8.8.8 என்பதும் 1.1.1.1 என்பதும் கூகுளும் கிளவுட்ஃப்ளேரும் நடத்தும் பொதுச் சர்வர்கள். அவற்றை யாராவது எழுதி வைத்திருந்தால் அஞ்ச வேண்டாம்.

பக்கத்து வீட்டுத் தம்பி சொன்ன நெட்வொர்க் ரீசெட், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பகுதியில் அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ் என்பதற்குள் இருக்கிறது. நல்ல கருவிதான். கணினியில் உள்ள நெட்வொர்க் அடாப்டர்களை எல்லாம் கழற்றி மறுபடி பூட்டுவதற்கு நிகரான வேலையை அது செய்கிறது. பொத்தானை அழுத்தினால் சற்று நேரம் கொடுத்துவிட்டுக் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும், திறந்திருக்கும் கோப்புகளை அதற்குள் சேமித்துவிட வேண்டும். சேமித்திருந்த வைஃபை கடவுச்சொற்கள் அனைத்தும் மறந்துபோகும் என்பதால், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லையோ, நீங்கள் மாற்றி வைத்திருந்தால் அந்தக் கடவுச்சொல்லையோ முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விபிஎன் மென்பொருள் இருந்தால் மறுபடி நிறுவ நேரலாம். வீட்டு வைஃபையைப் பொது இடத்து வைஃபையாக விண்டோஸ் கருதத் தொடங்கி, நெட்வொர்க்கில் உள்ள பிரிண்டரையும் பகிர்ந்த கோப்புறைகளையும் காட்டாமல் விடலாம். வைஃபையின் பண்புகளில் 'பிரைவேட்' என்று மாற்றினால் சரியாகும்.

இந்தக் கருவியைப் பற்றி இவ்வளவு எழுதுவதற்கு என் சொந்த அனுபவம் ஒரு காரணம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் இணையம் மந்தமாக இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். காரணம் தேடப் பொறுமையில்லாமல் பில் போடும் கணினியில் நெட்வொர்க் ரீசெட் கொடுத்தேன். அந்தக் கணினிக்கு யாரோ எப்போதோ நிலையான ஐபி முகவரி ஒன்றைக் கையால் கொடுத்திருக்கிறார்கள் என்பதும், சர்வரிலிருந்த பில்லிங் மென்பொருள் அந்த முகவரியை மட்டுமே ஏற்றுக்கொள்ளும் என்பதும் அதன் பிறகுதான் தெரியவந்தன. எண்ணை எங்கும் எழுதி வைக்கவில்லை. அரை நாள் பில் நின்றது; அதற்கான திட்டு எனக்கு உரியதுதான். அன்றிலிருந்து எந்த ரீசெட்டுக்கு முன்பும் அப்போதைய அமைப்பைப் படம் எடுத்துவிட்டுத்தான் கை வைக்கிறேன். பிராக்ஸி எண்களைப் படம் எடுக்கச் சொன்னதும் அந்தப் பழக்கத்தால்தான்.

உங்கள் முக்கியமான அச்சம், டாலி கணக்குகளும் பாமினிக் கடிதங்களும் போய்விடுமா என்பது. மேலே சொன்னவற்றில் எதுவும் அவற்றைத் தொடாது. குரோம் ரீசெட்டும் நெட்வொர்க் ரீசெட்டும் உங்கள் கோப்புகளின் பக்கமே போவதில்லை. ஃபார்மட் செய்தால்தான் ஆபத்து.

கடைக்காரர் ஃபார்மட்டைப் பரிந்துரைத்ததில் வஞ்சகம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. அவருக்கு அது எப்போது தொடங்கி எப்போது முடியும் என்று தெரிந்த வேலை. காரணத்தைத் தேடுவது எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று தெரியாத வேலை. ஆனால் அவருடைய நேரம் மிச்சமாவதற்கு விலையாகப் பின்னர் உங்கள் நேரம் போகும். விண்டோஸிலேயே சிஸ்டம், ரெக்கவரி என்ற பகுதியில் ரீசெட் பிசி என்று ஒன்று உண்டு. அதில் என் கோப்புகளை வைத்துக்கொள் என்று தேர்ந்தெடுத்தால், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற உங்கள் கோப்புறைகள் தங்கும். நீங்கள் நிறுவிய மென்பொருள்கள் அனைத்தும் போகும். கோப்புகள் தங்குகின்றன என்ற வார்த்தையை நம்பித்தான் பலரும் ஏமாறுகிறார்கள். டாலியின் தரவுக் கோப்புறையைச் சி டிரைவில் தனியாக எங்காவது வைத்திருந்தால், அது உங்கள் தனிப்பட்ட கோப்பு என்று விண்டோஸுக்குத் தெரியாமல் போகலாம்.

பாமினியின் கதை இன்னும் வேடிக்கையானது. கடிதக் கோப்புகள் பத்திரமாக இருக்கும். எழுத்துரு மட்டும் போய்விடும். பாமினி யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு என்பதால், கோப்புக்குள் உண்மையில் பதிவாகியிருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான்; அவற்றைத் தமிழ் வடிவத்தில் காட்டுவது அந்த எழுத்துருவின் வேலை. அது இல்லாத கணினியில் திறந்தால் முழுக் கடிதமும் அர்த்தமில்லாத ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாமினி எழுத்துருக் கோப்பை விண்டோஸின் ஃபான்ட்ஸ் கோப்புறையிலிருந்து ஒரு பென் டிரைவில் இன்றே நகல் எடுத்து வையுங்கள். தட்டச்சுக்கு என்எச்எம் ரைட்டரோ அழகியோ இ-கலப்பையோ பயன்படுத்தினால் அதுவும் மறுபடி நிறுவ வேண்டியதாகும். யூனிகோடில் அடித்த கோப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. விண்டோஸோடு வரும் நிர்மலா எழுத்துருவே அவற்றைக் காட்டிவிடும்.

பின்னொரு நாளில் உண்மையாகவே விண்டோஸை ரீசெட் செய்ய நேர்ந்தால், டாலிபிரைமில் ஆல்ட் விசையோடு ஒய் விசையை அழுத்தி வரும் பட்டியலில் பேக்கப் எடுத்து, அதை வெளி ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். லைசென்ஸையும் சரண்டர் செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி நிறுவும்போது அலைய நேரலாம். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருந்தால் அதன் டிரைவரையும் ஜிஎஸ்டி தளத்தில் கையொப்பமிட உதவும் எம்சைனர் மென்பொருளையும் மறுபடி நிறுவ வேண்டும். மடிக்கணினியின் டிஸ்க் மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்யப்பட்டிருந்தால், ரீசெட்டின் நடுவே 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று கைபேசியில் முன்னதாகவே பார்த்துவிடுங்கள். வாங்கியபோதே உண்மையான விண்டோஸ் இருந்த மடிக்கணினியில், ஃபார்மட் என்ற பெயரில் உரிமமில்லாத பிரதியை ஏற்றிக் கொடுப்பதும் நடக்கிறது. கடையில் கொடுக்க வேண்டி வந்தால், கொடுக்கும் முன்பும் திரும்ப வாங்கும்போதும் விண்டோஸின் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

எப்போது நானே ஃபார்மட் செய்யச் சொல்வேன் என்றும் கூறிவிடுகிறேன். டிஃபெண்டரை இயக்கவே முடியவில்லை, ஆஃப்லைன் ஸ்கேனில் கடவுச்சொல் திருடும் நிரல் அகப்பட்டது, கோப்புகளின் பெயர்கள் தாமாக மாறுகின்றன, அல்லது உரிமமில்லாத மென்பொருளைத் திறப்பதற்கான ஆக்டிவேட்டர் ஒன்று உள்ளே போயிருக்கிறது என்றால், தனித்தனியாகத் துப்புரவு செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. அப்போது கோப்புகளை மட்டும் வெளியே எடுத்துக்கொண்டு அனைத்தையும் அழித்து நிறுவுவதே சரி.

பிராக்ஸி இருந்த நாட்களில் உங்கள் இணையப் போக்குவரத்து அந்த மென்பொருளின் கை வழியாகச் சென்றிருக்கிறது என்பதால், வங்கி, மின்னஞ்சல், ஜிஎஸ்டி கணக்குகளின் கடவுச்சொற்களைக் கைபேசியிலிருந்து மாற்றுங்கள். வாடிக்கையாளர்களின் கணக்குகளும் உங்கள் கையில் இருப்பதால் இதைச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். இணைப்பு பாதுகாப்பானது என்று உலாவி காட்டியதே என்று கேட்கலாம். 2015 பிப்ரவரியில் லெனோவோ மடிக்கணினிகள் சிலவற்றில் விற்பனையின்போதே நிறுவப்பட்டிருந்த சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள், தன் சொந்தப் பாதுகாப்புச் சான்றிதழைக் கணினியில் பதித்துக்கொண்டு, அப்போது பூட்டுச் சின்னத்தோடு பாதுகாப்பானவையாகக் காட்டப்பட்ட பக்கங்களுக்குள்ளும் புகுந்தது வெளியே வந்து பெரிய விவகாரமானது. உங்கள் மென்பொருள் அதைச் செய்தது என்று நான் சொல்லவில்லை. அவ்வாறு செய்ய முடியும் என்பதால் மாற்றச் சொல்கிறேன்.

அறிவிப்புகளில் எதையாவது சொடுக்கி, முழுத் திரையில் அலாரம் ஒலிக்க, 'இந்த எண்ணை அழையுங்கள்' என்று வந்த பக்கத்தை நீங்கள் பார்த்தீர்களா என்று எழுதவில்லை. பார்த்து அழைத்திருந்தால், எனிடெஸ்க் போன்ற தொலைக் கட்டுப்பாட்டு மென்பொருளை நிறுவச் சொல்லியிருப்பார்கள்; ரிசர்வ் வங்கி 2019-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. அப்படி நடந்திருந்தால் மேலே எழுதியவற்றை எல்லாம் ஒத்திவைத்துவிட்டு, முதலில் வங்கிக்கும், அடுத்து 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கும் பேசுங்கள். அந்தப் பக்கம் மூட மறுத்தால், கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒன்றாக அழுத்தி டாஸ்க் மேனேஜரில் குரோமை முடித்துவிட்டு, மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்ற கேள்விக்கு மறுப்புச் சொல்லுங்கள். இப்போது இன்னொரு தந்திரமும் சுற்றுகிறது. ரோபோ சோதனை என்று சொல்லி, விண்டோஸ் விசையோடு ஆர் விசையையும், பிறகு கன்ட்ரோல் விசையோடு வி விசையையும் அழுத்தி என்டர் தட்டச் சொல்வார்கள். அப்படிச் செய்தால், அவர்கள் உங்கள் கிளிப்போர்டில் வைத்த கட்டளையை உங்கள் கையாலேயே இயக்கியதாகும். எந்த நேர்மையான தளமும் அதைக் கேட்காது.

பிராக்ஸியை அணைத்து ரீஸ்டார்ட் செய்த பிறகு அந்தப் பொத்தான் எந்த நிலையில் இருந்தது, ஆஃப்லைன் ஸ்கேனில் என்ன பெயர் அகப்பட்டது, அந்தத் தேதியில் நிறுவப்பட்ட மற்ற செயலிகள் எவை என்ற மூன்றையும் குறித்து வையுங்கள். பொத்தான் மறுபடி தானாக இயங்கியிருந்தால், அந்தக் குறிப்போடும் எடுத்த படத்தோடும் மீண்டும் எழுதுங்கள். அதுவரை மடிக்கணினி வீட்டிலேயே இருக்கட்டும்.